ஆற்றோடு நகரும் மேடு

பாக்தாத்
மே 24, செவ்வாய்

ரஃபல் கண்ணு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். சின்னம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அதையும் அடைத்தாய். மெயிலுக்கும் பதில் இல்லை. வேறு வழி தெரியாமல் காகிதத்தில் எழுதி, பஸ்ரா வண்டி நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிற ஸப்ரியிடம் கொடுத்தனுப்புகிறேன். "என்னம்மா, காதல் கடிதமா?" என்று கேட்டார். "அதைவிட மோசம். சிநேகிதி கோவிச்சுக்கிட்டா" என்றேன். "அப்ப நான் ஜாக்கிரதையாத்தான் கொண்டு போகணும்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டாவது கோபித்துக்கொள். மின்துறை மாநாட்டுக்கு வர முடியவில்லையே என்கிற வருத்தமா? உன் வாப்பாவிடம் நானும்தானே வந்து கெஞ்சினேன். "ரெண்டே நாள்தான் மாமா. எங்கண்ணன் முஹன்னத் கூட வர்றான்" என்றதற்கு, "உன் அண்ணன் உனக்கு அண்ணன். எம்பொண்ணுக்கு அவன் யாரு?" என்று கேட்டு என் வாயை அடைத்தவர் அவர். அந்தக் கோபத்தை என்மேல் ஏன் காட்டுகிறாய்?

எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றில் கூட்டம். முன்வரிசை முழுக்க அமைச்சகத்து ஆட்கள், கம்பெனிக்காரர்கள். எங்களைப் போன்ற மாணவர்களுக்கு அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி. கதவு திறக்கும்போதெல்லாம் பொரித்த வெங்காய வாசனை வந்தது. பெரிய மனிதர் ஒருவர் மேடையேறி, நாடு முழுக்க இடைவிடாத மின்சாரம் என்று பேச ஆரம்பித்தார். பேச்சின் நடுவில் கரண்ட் போய்விட்டது. அத்தனை மின்பொறியாளர்கள் இருந்த அறையில் ஒருவரும் அசையவில்லை. ஜெனரேட்டர் பிடிக்கிறவரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வந்ததும் அவர் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்ந்தார். எனக்குப் பின்னால் இருந்த மோசூல் பையன், "இது செய்முறை விளக்கம்" என்றான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நம் கட்டுரையின் முறை சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. பாதிப் பேர் சோற்று மயக்கத்தில் இருந்தார்கள். நாம் பேசி வைத்தபடியே செய்தேன். ஊர் பேரைச் சொல்லவில்லை. 'தென்பகுதியில் பதிவில்லாத ஒரு குடியிருப்பு', அவ்வளவுதான். டிரான்ஸ்பார்மர் எண்ணை அழித்துவிட்டேன். ஏழு நாளும் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று காட்டும் சுமைக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட படத்தைக் காட்டினபோது, இரண்டாம் வரிசையில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஒருவர் கையைத் தூக்கினார். "எல்லா நாளும் ஒரு மேடு தெரியுதே, அது ஏன் தினமும் நகர்ந்துக்கிட்டே போகுது? கருவியில கோளாறா? இல்ல, வீட்டுல உக்காந்து வரைஞ்சீங்களா?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எனக்குக் காது சுட்டது ரஃபல். "வரையல ஐயா, அளந்தோம்" என்றேன். "அது ஒரு தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டோட மோட்டார். ஆறு ஏறுற நேரத்துல கடல் உப்பு உள்ள வந்துடும். ஆறு இறங்கும்போதுதான் தண்ணி இழுக்க முடியும். ஆறு தினமும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் தாமதமா இறங்குது. மோட்டாரும் அதோட சேர்ந்து தாமதமாகுது. அந்த மேடு ஆத்தோட நகருது" என்றேன். கை தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துத் தட்டினார்கள். அந்தக் கண்ணாடிக்காரரே எழுந்து வந்து, "நானும் பஸ்ராக்காரன்தான் மகளே" என்று தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நீ அங்கே இல்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலையே ஒரு கம்பெனி எனக்குப் பயிற்சி இடம் கொடுத்தது. கூட ஒருத்தி இருக்கிறாள் என்றேன். இப்போதைக்கு ஒரு இடம்தான் என்றார்கள். சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு போய்வருகிறேன். அடுத்த இடம் உனக்குத்தான் என்று அவர்களிடம் தினமும் நச்சரிக்கிறேன். கோபம் தீர ரெண்டு திட்டு திட்டி எழுது.

உன்
இப்திஹால்

—

பஸ்ரா
மே 28

மதிப்பிற்குரிய பொறியாளர் இப்திஹால் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் வந்தது. பயிற்சி இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். கைதட்டலுக்கும் வாழ்த்துகள்.

தலையில் கை வைத்து ஆசி சொன்ன அந்தப் பஸ்ராக்காரர் யார் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன். எங்கள் வட்டார மின்விநியோக அலுவலகத்தில், மின்திருட்டைப் பிடிக்கிற இழப்புப் பிரிவின் தலைவர் அவர். வியாழக்கிழமை உங்கள் மாநாடு முடிந்தது. வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் கிரேன் வண்டியும் இரண்டு போலீஸ் வண்டிகளும் எங்கள் வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டன. நீங்கள் அழித்த டிரான்ஸ்பார்மர் எண் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தெருமுனையில் இறங்கி அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: "ஆத்தைப் பார்த்து மோட்டார் போடறவன் வீடு எது?" நகரத்தில் மற்ற பிளான்ட்டுகள் எல்லாம் தொட்டி கட்டி, குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ சுத்தம் செய்கின்றன. ஆற்று இறக்கத்துக்குக் காத்திருந்து வாய்க்காலில் இழுக்கிற பைத்தியக்காரர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் என் வாப்பா.

முதலில் பிளான்ட்டுக்குப் போகிற கம்பியை அறுத்தார்கள். கதவில் முத்திரை வைத்தார்கள். பிறகு வந்ததுதான் வந்தோம் என்று டிரான்ஸ்பார்மரில் ஏறி, எங்கள் குடியிருப்பின் கொக்கிக் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றி, சுருட்டி, வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். வாப்பா பின்னாலேயே ஓடி, "மீட்டர் குடுங்கன்னு எத்தனை தடவை வந்து நின்னேன்? நீங்கதானே பட்டா இல்லாத வீட்டுக்கு மீட்டர் இல்லேன்னீங்க?" என்று கேட்டார். "பட்டா இல்லாத வீட்டுக்குக் கரண்ட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்கள்.

உம்மு ஸதூனை நினைவிருக்கிறதா? அளவுப் பெட்டியை டிரான்ஸ்பார்மரில் மாட்டின அன்று நமக்கு டீ கொடுத்தாரே, அவர். "இதுல எங்க பேரு வருமா மகளே?" என்று கேட்டார். "பேரே வராதும்மா, வெறும் கோடுதான்" என்று பதில் சொன்னது நீங்கள். இப்போது நான் ஸலாம் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கோடு வரைந்தது யார் வீட்டுப் பெண் என்று தெருவுக்கே தெரியும்.

உங்கள் அண்ணன் முஹன்னத் அதே விநியோக அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் என்பதும் தெருவுக்குத் தெரியும். அவரும் மாநாட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. தெரு சொல்வதை எழுதுகிறேன்.

உங்கள் மாநாட்டு மொழியில் எங்களுக்கு இழப்பு என்று பெயர். இங்கே வீட்டுக்கு வீடு ஓடாத ஃபிரிட்ஜில் பாமியா வெண்டைக்காய் அழுகிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ரஃபல்

—

பாக்தாத்
ஜூன் 3

ரஃபல்,

'நீங்கள்' என்று எழுதாதே. அதற்கு நீ என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது. அந்த மனிதர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு போட்டிருந்தார்கள். உன் கடிதத்தைப் படித்ததும் பயிற்சிக்குப் போகாமல் படுத்துவிட்டேன். சின்னம்மா மாதவிடாய் வலி என்று நினைத்து இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே அழுதேன்.

ஆனால் முஹன்னத்தை இழுத்தாயே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவன் வாய் கோணிப் போகட்டும். அவன் கையை நீ பார்த்திருக்கிறாய். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. அது எப்படிப் போனது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உன் வீட்டில் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. உங்கள் தெருவைப் போல ஒரு கொக்கித் தெருவில், லைனை நிறுத்திவிட்டுத்தான் அவன் கம்பத்தில் ஏறினான். யாரோ வீட்டு ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். கொக்கி வழியாகக் கரண்ட் திரும்பி வந்து அவன் கையில் பாய்ந்தது. இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து ஃபியூஸ் எண்ணிக்கொண்டிருக்கிறான். வாப்பா மௌத்தான பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைதான். அவன் உங்கள் தெருவைக் காட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் எப்போதோ காட்டிக் கொடுத்திருப்பான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. நான் முதலில் தயார் செய்த படத்தில் ஏழு நாளையும் சராசரி எடுத்து ஒரே கோடாகப் போட்டிருந்தேன். அதில் அந்த மேடு கரைந்தே போயிருந்தது. சாதாரணத் தெருவின் சாதாரணக் கோடு. எவனாலும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டது யார்? "சராசரி போட்டா எங்க வாப்பா காணாமப் போயிடறாருடி"ன்னு சண்டை போட்டது யார்? ஏழு கோட்டையும் ஏழு நிறத்தில் தனித்தனியாகப் போட வைத்தது யார்? உன் வாப்பாவை மேடையேற்றியது நான் மட்டும் இல்லை.

இப்திஹால்

—

பஸ்ரா
ஜூன் 12

இப்திஹால் அவர்களுக்கு,

கிழித்தது நான்தான். மறுக்கவில்லை. அந்த மேடு நகர்வதை முதல் தடவை திரையில் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தீர்கள். வாப்பா வாய்க்கால் படியில் உட்கார்ந்து தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதும், எழுந்து போய் மோட்டார் போடுவதும் அந்தக் கோட்டில் அப்படியே இருந்தன. நாலு வருஷம் படித்ததில் எனக்குப் புரிந்த ஒரே பாடம் அது. சராசரி போட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கோடு வாய் திறந்து பேசாது. பேசினது நீங்கள். அவர் கேட்டதற்கு "தெரியலை ஐயா, கருவியைப் பார்க்கணும்" என்று சொல்லியிருந்தால் நாக்கா தேய்ந்துபோயிருக்கும்? வீட்டில் உட்கார்ந்து வரைந்தாயா என்று யாரோ ஒருவர் கேலி செய்தது பொறுக்காமல், எங்கள் ஆற்றையும் என் வாப்பாவையும் எடுத்து அவர்முன் வைத்தீர்கள். கை தட்டினார்கள். உங்கள் அண்ணனின் கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன். வருத்தமாக இருந்தது. உங்கள் கடிதத்தில் பதில் சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாப்பாமேல் மின்திருட்டு வழக்கு போட்டிருக்கிறார்கள். விசாரணை நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். கொக்கி போட்டதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அந்தக் கம்பி எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இழுத்தது. அவர்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். மாநாட்டு மலரில் அச்சான நம் கட்டுரை. மோட்டாரின் சக்தி, ஓடுகிற நேரம், வாரத்துக்கு எவ்வளவு மின்சாரம், எல்லாம் அதில் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறோம். நாம் ஒரு வாரம் அளந்ததை, வாப்பா பிளான்ட் திறந்த நாளிலிருந்து இன்றுவரை பெருக்கிவிட்டார்கள். அந்தத் தொகையை எங்கள் தெருவையே விற்றாலும் கட்ட முடியாது. கட்டாவிட்டால் சிறை.

உம்மாவின் வழியில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தக் கட்டுரை விழுந்தா கேஸும் விழுந்துடும். இது அளந்தது இல்ல, மாணவிங்க கணினியில கற்பனையா வரைஞ்சதுன்னு மேடையில பேசின பொண்ணு எழுதிக் குடுக்கணும். மக எழுதினா செல்லாது. தகப்பனைக் காப்பாத்த எழுதறான்னு தூக்கிப் போட்டுருவாங்க."

அதனால் என்னிடம் வாங்கவில்லை. உங்களிடம் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

ரஃபல்

—

பாக்தாத்
ஜூன் 19

ரஃபல்,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் ஸப்ரியிடம் கொடுத்துவிட வேண்டும்.

என்னால் முடியாது.

இட்டுக்கட்டிய தரவு என்று நானே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நம் இருவரின் பட்டமும் போகும். வருஷம் போகும். கம்பெனி என்னை அன்றைக்கே வாசலுக்கு வெளியே நிறுத்தும். பொய்த் தரவு கொடுத்தவள் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் இந்தத் துறையில் எவன் வேலை கொடுப்பான்? முஹன்னத்திடம் நான் என்ன சொல்வேன்? அவன் ஸ்டோரில் எல்லோரிடமும் "எந்தங்கச்சி பொறியாளர்"னு சொல்லிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து முடித்துவிட்டான்.

அது மட்டும் இல்லை. அது பொய் இல்லையே ரஃபல். நம் வகுப்பில் பாதிப் பேர் போன வருஷத்து ஆட்களின் எண்களை மாற்றிப் போட்டுத் திட்டம் முடித்தார்கள். நாம் வெயிலில் நின்று, கம்பத்தடியில் நாய்க்குப் பயந்து, உண்மையாக அளந்தோம். அதைப் போய்ப் பொய் என்று எப்படி எழுதுவேன்? உன் வாப்பா கரண்ட் எடுத்தது உண்மை. அதை வைத்துத் தண்ணீர் விற்றது உண்மை. மீட்டர் கொடுக்காதது அவர்கள் தப்பு, சரி. அதற்காக என் தலையை ஏன் கேட்கிறாய்?

அந்த இழப்புப் பிரிவுக்காரரிடம் நானே போனில் பேசிப் பார்த்தேன். "நான் என்ன மகளே பண்றது, மேலேருந்து இழப்பைக் குறைன்னு கழுத்தைப் பிடிக்கிறாங்க. நீங்கதான் எனக்கு வழியைக் காட்டினீங்க" என்றார். நன்றி வேறு சொன்னார்.

உன்மேல் எனக்கு இருக்கும் பிரியம் இதனால் குறையவில்லை. நீ நம்ப மாட்டாய்.

இப்திஹால்

—

பஸ்ரா
ஜூன் 27

இப்திஹால்,

நீ என்றே எழுதுகிறேன். வீம்புக்கு நேரமில்லை.

நேற்று வெயிலில் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தன. ஜெனரேட்டர் கரண்ட் விற்கிறவன் எங்களுக்கு மட்டும் விலை ஏற்றிவிட்டான், போக இடமில்லை என்று அவனுக்குத் தெரியும். லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வராத நாளில் வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம், உப்பு காய்ச்சினால் போகாது. தங்கைக்கு நாலு நாளாக வயிற்றுப்போக்கு. உம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வாப்பாவைத்தான் பார்த்துத் தாங்க முடியவில்லை. ஆறு இறங்குகிற நேரம் வந்ததும் எங்கே இருந்தாலும் எழுந்துவிடுகிறார். பிளான்ட் கதவுவரை போகிறார். முத்திரையைப் பார்க்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால் தேவலை. "உன் படிப்பு முடிஞ்சிடுச்சுல்ல?" என்று மட்டும் அடிக்கடி கேட்கிறார்.

வழக்கு ஈத் முடிந்ததும். அவரை அவர்கள் வைத்துக்கொண்டால் இந்த வயதில் திரும்பி வர மாட்டார். வருஷம் போனால் அடுத்த வருஷம் எழுதலாம். நானும் உன்னோடு சேர்ந்து தோற்கிறேன், எனக்கும்தான் பட்டம் போகிறது. உண்மையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?

எழுதுடி. வேறொன்றும் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

ரஃபல்

—

பாக்தாத்
ஜூலை 5

ரஃபல் கண்ணு,

எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையோடு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அந்தக் கோடு அளந்தது அல்ல, வரைந்தது என்று இருக்கிறது. உன் வக்கீல் கேட்டது அதுதானே.

அனுப்பும் முன்னால் நம் துறைத் தலைவரிடம் காட்ட வேண்டியிருந்தது, முத்திரை அவரிடம்தான் இருக்கிறது. அவர் சில வரிகளை மாற்றச் சொன்னார். கல்லூரியின் பெயர் கெடாமல் இருக்க வேண்டுமாம். சாரம் நீ கேட்டதுதான். வழக்கு விழுந்துவிடும், உன் வாப்பா வீட்டில் இருப்பார், அதை மட்டும் பார். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கம்பெனியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

உம்மாவுக்கு என் ஸலாம் சொல். ஈதுக்கு நான் பஸ்ராவுக்கு வரவில்லை, இங்கே வேலை இருக்கிறது. ஒரு வரி எழுது. 'கிடைத்தது' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாலும் போதும்.

உன்
இப்திஹால்

—

பஸ்ரா
ஜூலை 20

இப்திஹால் அவர்களுக்கு,

கிடைத்தது. நேற்று நீதிமன்றத்தில் வாசிக்கக் கேட்டேன்.

அங்கே என்ன நடந்தது என்று தெரு வழியாகக் கேட்டால் தப்பும் தவறுமாக வரும். நானே எழுதிவிடுகிறேன்.

வாப்பா துவைத்த திஷ்தாஷா அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வாரமாக நானும் வக்கீலும் அவருக்கு ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தோம். எதைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டியிருந்தார். நீதிபதி மோசமான மனிதர் இல்லை. வாப்பாவை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உங்கள் கண்ணாடிக்காரர் மாநாட்டு மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிரில் இருந்தார்.

பிறகு உங்கள் கடிதத்தை எடுத்தார்கள். எழுத்தர் சத்தமாக வாசித்தார். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "மேற்படி வரைபடம் என் சக மாணவி ரஃபல், எந்த அளவீடும் இன்றித் தானே இட்டுக்கட்டி வரைந்ததாகும். அவள் பொய் சொல்கிறாள் என்று அறியாமல், அவளை நம்பி நான் அதை மேடையில் காட்டினேன். இதில் எனக்குப் பங்கில்லை."

நாம் இருவரும் சேர்ந்து தோற்போம் என்றல்லவா எழுதியிருந்தேன். நீங்கள் தோற்க மறந்துவிட்டீர்கள்.

ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. கண்ணாடிக்காரர் மலரை மூடிவிட்டார். எங்கள் வக்கீல் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டார். முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பதிவுக்காக மட்டும் நீதிபதி கேட்டார்: "அப்ப இந்தக் கோடு உன் மோட்டாரோடது இல்ல. உன் பொண்ணு சும்மா கற்பனையா வரைஞ்சது. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும்.

வாப்பா, "அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். கொடுத்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் ஒரு நாளும் காட்டியதில்லை. பட்டம் வாங்கின பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

"இதுல பச்சைக் கோடு புதன்கிழமைதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: "புதன்கிழமைதான். அன்னைக்கு ஃபில்டர் அடைச்சுக்கிட்டு நடுவுல நிறுத்தினேன். இதோ பள்ளம் இருக்கு. மறுநாள் உம்மு ஸதூன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தண்ணி கூடுதலா வேணும்னாங்க. இதோ நீளமா ஓடியிருக்கு." பிறகு நீதிபதியைப் பார்த்து, "எம்பொண்ணு பொய் வரையல ஐயா. இது என் மோட்டார்தான்" என்றார்.

வக்கீல் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். நீதிபதியே முன்னால் குனிந்து, "யோசிச்சுப் பேசு பெரியவரே. நீ சொல்றதை நான் எழுதிட்டா அழிக்க முடியாது" என்றார்.

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் வாப்பா. "அவ பேரை எழுதி, பக்கத்துல பொய்யின்னு எழுதி வெச்சிருக்கீங்க. நாளைக்கு அவ எங்க வேலைக்குப் போனாலும் இந்தக் காகிதம் கூடவே போகும். முதல்ல அதை அடிங்க. அப்புறம் என்னை என்ன வேணா எழுதிக்கங்க."

அடித்தார்கள். எழுத்தர் அந்த வரியின் மேல் கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்து வாங்கினார். கீழே வாப்பாவின் வாக்குமூலத்தை எழுதினார்கள். அளவீடு உண்மை என்று பதிவாகிவிட்டதால் உங்கள் கடிதம் பொய் என்று ஆகிவிட்டது. அதன் நகலைக் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் அனுப்பச் சொன்னார் நீதிபதி. உங்கள் அண்ணனை நினைத்தேன்.

நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்காமல், நாம் இருவரும் சேர்ந்து செய்தோம் என்று எழுதியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஒருவேளை இதையேதான் சொல்லியிருப்பார். ஒருவேளை தலையை ஆட்டியிருப்பார். இனிமேல் தெரியப் போவதில்லை.

சிறை வண்டியில் ஏற்றும் முன்னால் என்னோடு பேச விட்டார்கள். பிளான்ட் சாவி எங்கே இருக்கிறது, தங்கைக்கு எந்த மருந்து என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டார்: "அந்தக் கடுதாசியை எழுதினது யாரும்மா? பேரை வாசிக்கறப்ப எனக்குச் சரியா காதுல விழல. நம்ம வீட்டுக்கு வந்து கீமர் பாலாடையை வழிச்சு வழிச்சுச் சாப்பிடுமே, அந்தப் பொண்ணு இல்லையே?"

"இல்ல வாப்பா, அது வேற யாரோ" என்றேன்.

இந்த வழக்கில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ரஃபல்